பாடிய புலி

புலி உறுமும். பாடுமா? சென்னையிலே ஒரு புலி பாடியது. பெரிய பெரிய வித்துவான்கள் எதிரே உட்கார்ந்து கேட்டார்கள்.

அந்தப் புலிதான் டைகர் வரதாச்சாரியார். டைகர் என்பது தாய் தகப்பன் வைத்த பெயர் அல்ல. மைசூர் மகாராஜா கிருஷ்ணராஜ உடையார் கொடுத்த பட்டம். வரதாச்சாரியார் என்று மட்டும் சொன்னால், எந்த வரதாச்சாரியார் என்று கேட்பார்கள். டைகர் என்றால் போதும், சங்கீத உலகத்துக்குப் புரிந்துவிடும்.

தரமணியிலிருந்து கிழக்கே கடலைப் பார்த்துப் போனால், திருவான்மியூரில் கலாக்ஷேத்திரம் இருக்கிறது. சுமார் 100 ஏக்கர். எங்கு பார்த்தாலும் மரம். பிள்ளைகள் ஆட்டமும் பாட்டும் படிக்கிறார்கள். 1962-ம் ஆண்டில்தான் அது இந்த இடத்துக்கு வந்தது. அதற்கு முன்பு அடையாறில் இருந்தது. அங்கே அதன் சங்கீதப் படிப்புக்குத் தலைவராக இருந்தவர் டைகர்.

காலடிப்பேட்டை

அவர் பிறந்தது சென்னையின் மறுகோடியில். திருவொற்றியூரை ஒட்டிய காலடிப்பேட்டையில், 1876-ம் ஆண்டு பிறந்தார்.

காலடிக்கும் அந்த ஊர்ப் பெயருக்கும் சம்பந்தம் இல்லை. 1717 முதல் 1720 வரை சென்னைக் கவர்னராக இருந்த ஜோசப் காலெட் என்ற வெள்ளைக்காரர், நெசவாளர்களைக் குடியேற்றிய ஊர் அது. காலெட் பேட்டை ஜனங்களின் வாயில் காலடிப்பேட்டை ஆகிவிட்டது!

குடும்பத்தில் சங்கீதம் இருந்தது. தம்பி கிருஷ்ணமாச்சாரியார் வீணை வித்துவான். வரதாச்சாரியாருக்குக் கிடைத்த குரு பட்டணம் சுப்பிரமணிய ஐயர். பேகடை ராகம் என்றால் அவர்தான் என்று பெயர் வாங்கியவர். அவரிடம் படித்தது சில ஆண்டுகளே. ஆனால் விதை நன்றாக விழுந்தது.

குரல் இல்லாத பாடகர்

பாட்டுக்காரருக்கு முதல் சொத்து குரல். அந்தச் சொத்து வரதாச்சாரியாருக்கு இல்லை. கனத்த, கரகரத்த சாரீரம். தேன் போன்ற குரலைத் தேடி வருகிறவர்கள், அவர் வாயைத் திறந்ததும் திகைத்துப் போவார்கள்.

அது மைக் பரவாத காலம். நாடக மேடையிலும் கச்சேரி மேடையிலும் ஓங்கிய குரலுக்குத்தான் மதிப்பு. கடைசி வரிசையில் இருப்பவனுக்கும் கேட்க வேண்டுமே! அப்படிப்பட்ட காலத்தில் இந்தக் குரலை வைத்துக்கொண்டு என்ன செய்ய முடியும்?

வரதாச்சாரியார் ராகத்தைப் பிடித்துக்கொண்டார். ராக ஆலாபனைக்குப் பாட்டின் சொல் வேண்டாம், தாளம் வேண்டாம். பாடுகிறவரின் கற்பனைதான் வேண்டும். கல்யாணி ராகத்துக்குச் சுரங்கள் ஏழுதான். எல்லா வீட்டிலும் அதே அரிசி, அதே பருப்பு, அதே புளி. சாப்பாட்டின் ருசி மட்டும் வீட்டுக்கு வீடு வேறு அல்லவா? டைகரின் கல்யாணிக்குத் தனி ருசி இருந்தது. ஒரு முறை பாடிய வழியில் மறுமுறை போகமாட்டார் என்பார்கள்.

கேட்கிறவர்கள் கொஞ்ச நேரத்தில் குரலை மறந்துவிடுவார்கள், ராகம்தான் நிற்கும். இனிய குரல் இருந்திருந்தால் அவர் ராகத்தை இவ்வளவு யோசித்திருப்பாரா? எனக்குச் சந்தேகம்தான்.

சென்னை சங்கீத வித்வத் சபையின் 1932-ம் ஆண்டு மாநாட்டுக்கு அவர் தலைமை தாங்கினார். சங்கீத கலாநிதி என்ற பட்டமும் அவருக்கு உண்டு.

மணி அடித்தால் பாட்டு

அந்த நாளில் சங்கீதம் படிப்பது என்றால் குருவின் வீட்டோடு இருக்க வேண்டும். தண்ணீர் இறைக்க வேண்டும். கடைக்குப் போக வேண்டும். குரு எப்போது பாடுகிறாரோ அப்போது காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும். புத்தகம் இல்லை, பரீட்சை இல்லை.

1930-களின் தொடக்கத்தில் இது மாறிற்று. வித்வத் சபை சங்கீத ஆசிரியர் கல்லூரி ஒன்றைத் தொடங்கியது. சென்னைச் சர்வகலாசாலையிலும் சங்கீதப் படிப்பு வந்தது. மணி அடித்தால் வகுப்பு. வருகைப் பதிவு உண்டு, பரீட்சை உண்டு, மார்க்கும் உண்டு. இப்படிப் படித்தால் சங்கீதம் வருமா என்று பழைய வித்துவான்கள் பலர் சிரித்தார்கள்.

இரண்டு இடத்திலும் தலைமைப் பொறுப்பு டைகரிடம் வந்தது. குருவின் காலடியில் படித்தவர், கரும்பலகைக்குப் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்க வேண்டும். இது சின்ன மாற்றம் அல்ல.

1930-களின் கடைசியில் அவர் சிதம்பரத்துக்குப் போனார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் சங்கீதத் தலைவர் ஆனார். 1941-ம் ஆண்டில் அங்கேதான் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் தமிழ் இசை மாநாட்டைக் கூட்டினார். கச்சேரியில் தமிழ்ப் பாட்டு வேண்டும் என்ற குரல் நாடெங்கும் கேட்டது. எதிர்ப்பும் கேட்டது. பல்கலைக்கழகம் தமிழ்ப் பாடல்களைச் சுரக் குறிப்போடு புத்தகங்களாகப் போட்டது. தெலுங்குக் கீர்த்தனைகளில் ஊறி வளர்ந்த டைகர் தமிழிலும் பாடல்கள் இயற்றினார். வர்ணங்களும் செய்தார்.

ஒரே ஒரு மாணவர்

பிறகு ருக்மிணி தேவி அருண்டேல் அவரை அடையாறுக்கு அழைத்தார். 1944-ம் ஆண்டில் கலாக்ஷேத்திரத்தில் சங்கீத சிரோமணி படிப்பு ஆரம்பம் ஆயிற்று. முதல் வகுப்பில் எத்தனை பேர் தெரியுமா? ஒரே ஒருவர்!

பாலக்காட்டுப் பக்கத்து மஞ்சப்பரையிலிருந்து வந்த வாலிபர் அவர். பௌதிகத்தில் பி.எஸ்ஸி. பட்டம் பெற்றவர். பெயர் எம்.டி. ராமநாதன். கல்லூரி என்று பெயர், ஆனால் நடந்தது பழைய குருகுலம்தான். ஆசிரியர் ஒருவர், மாணவர் ஒருவர்.

அந்த மாணவருக்கும் கனத்த குரல். அடி வயிற்றிலிருந்து வரும் தாழ்ந்த சுருதி. வேறு யாரிடமாவது போயிருந்தால் குரலை ஏற்றிப் பாடச் சொல்லியிருக்கலாம். டைகருக்குத் தெரியாதா அந்தக் கஷ்டம்! ராமநாதன் கடைசிவரை தம் தாழ்ந்த குரலிலேயே, நிதானமாகவே பாடினார். அதற்கென்றே ரசிகர்கள் சேர்ந்தார்கள்.

1947-ம் ஆண்டில், காளிதாசரின் குமாரசம்பவத்தைக் கலாக்ஷேத்திரம் நாட்டிய நாடகமாக்கியது. அதற்கு இசை அமைத்தவர் டைகர். அப்போது அவருக்கு எழுபது வயது தாண்டிவிட்டது.

1950-ம் ஆண்டு ஜனவரி 31-ந் தேதி அவர் காலமானார். அவர் பாடிப் பதிவாகிக் கிடைப்பது கொஞ்சமே.

எம்.டி. ராமநாதன் கலாக்ஷேத்திரத்திலேயே ஆசிரியராகி, அங்கே தலைமைப் பதவியும் வகித்தார். அவரும் பாடல்கள் இயற்றினார், சுமார் 300 இருக்கும். பாட்டின் முடிவில் இயற்றியவர் தம் முத்திரையை வைப்பது வழக்கம். ராமநாதன் தம் பெயரை வைக்கவில்லை. வரததாசன் என்று வைத்தார்.