தங்கையின் மறைவும் தமக்கையின் தொண்டும்

பிறந்தோர் பலர்; பிறர்க்கென வாழ்ந்தோர் சிலர். அச்சிலருள் ஒருவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார். தேவதாசி முறை ஒழியப் பாடுபட்டவர் என்றே நம்மில் பலர் அவரை அறிவோம். விலங்கியல் பயிலும் மாணவியாகிய நான், புற்றுநோயை எதிர்த்து நின்ற மருத்துவராக அவரை இங்கு நினைவுகூர விழைகிறேன்.

அம்மையார் 1886-ஆம் ஆண்டு ஜூலை 30-ஆம் நாள் புதுக்கோட்டையில் பிறந்தார். பெண்கள் வீட்டுப்படி தாண்டவே தயங்கிய அக்காலத்தில், ஆண்களே பயின்ற மன்னர் கல்லூரியில் இடம்பெற்றார். 1907-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1912-இல் மருத்துவரானார். பின்னர் சென்னைச் சட்டமன்றத்தில் இடம்பெற்ற முதல் பெண்மணியானார். ஆதரவற்ற பெண்களுக்காக அவ்வை இல்லம் கண்டார்.

1923-இல் அவருடைய தங்கை புற்றுநோயால் மாண்டார். மருத்துவராக இருந்தும் உடன்பிறந்தவளைக் காக்க இயலவில்லையே என்ற துயரம் அம்மையாரின் நெஞ்சில் ஆறாத புண்ணாயிற்று. புற்றுநோய்க்கெனத் தனி மருத்துவமனை வேண்டும் என்று ஆண்டுக்கணக்கில் வாதாடினார், நிதி திரட்டினார். 1952-இல் பிரதமர் நேரு அடிக்கல் நாட்ட, 1954-இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 12 படுக்கைகளுடன் தொடங்கிற்று. அவருடைய மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 1955-இல் வந்து சேர்ந்த டாக்டர் சாந்தாவும் அதை வளர்த்தனர். 1968-இல் அம்மையார் மறைந்தார்.

அவர் காலத்தில் இல்லாத அறிவு இன்று நம்மிடம் உண்டு. சினைப்பைப் புற்றுநோயை எடுத்துக்கொள்வோம். அதைத் தொடக்கத்திலேயே காட்டும் நம்பகமான பொதுப் பரிசோதனை இதுவரை இல்லை. வயிற்று உப்புசம், சிறிது உண்டதும் வயிறு நிறைதல், அடிவயிற்று வலி ஆகியவையே அதன் குறிகள். கும்மிடிப்பூண்டித் தொழிற்சாலைகளில் ஷிப்டு முடித்து வரும் நம் அக்காமார்கள் இவற்றை வாயுத் தொல்லை என்று சோடா குடித்துப் போக்கிவிடுகின்றனர். நோய் முற்றிய பின்பே மருத்துவரிடம் செல்கின்றனர்.

மாதந்தோறும் முட்டை வெளிப்படும்போது சினைப்பையின் மேற்பரப்பு கிழிந்து ஆறுகிறது. கருத்தடை மாத்திரை முட்டை வெளிப்படுவதைத் தடுப்பதால் அந்தக் காயம் குறைகிறது என்பது அறிஞர் தரும் விளக்கங்களுள் ஒன்று. 21 நாடுகளில் நடந்த 45 ஆய்வுகளைத் தொகுத்து 2008-இல் ஒரு முடிவு வெளியாயிற்று. ஐந்தாண்டுகள் மாத்திரை உண்டால் இந்நோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது; பதினைந்து ஆண்டுகள் உண்டால் பாதியாகிறது; நிறுத்திய பின்னும் 30 ஆண்டுகளுக்கு மேல் பயன் நீடிக்கிறது. அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசமாகத் தரப்படும் 'மாலா-என்' இவ்வகை மாத்திரையே.

ஆயினும் இது எல்லோருக்கும் ஏற்றதன்று. மார்பகம், கருப்பை வாய் ஆகியவற்றின் புற்றுநோய் வாய்ப்பு, மாத்திரை உண்ணும் காலத்தில் சற்றே கூடுகிறது. இரத்த அழுத்தம் மிகுந்தோர்க்கும் இரத்தம் உறையும் கோளாறு உள்ளோர்க்கும் ஆபத்து உண்டு. எனவே மருத்துவரைக் கேட்டே முடிவு செய்தல் வேண்டும்.

ஆனால் மாத்திரையின் பெயரைச் சொல்லவே நம் வீடுகளில் கூச்சப்படுகிறோம். அம்மையார் கூச்சப்பட்டிருந்தால் கல்லூரியும் இல்லை, சட்டமன்றமும் இல்லை, அடையாறு மருத்துவமனையும் இல்லை. எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். பாடநூலில் படித்ததை என் தாய்க்கும் அண்டை வீட்டாருக்கும் எடுத்துச் சொல்வது என் கடன் என எண்ணுகிறேன். தோழியரே, தோழர்களே, உங்கள் வீட்டிலும் இதைப் பேசுங்கள். அம்மையாருக்கு நாம் செலுத்தும் நன்றி அதுவே.