குடிநோயாளிகளின் அன்னை: அருட்சகோதரி இக்னேஷியா

உலகில் தொண்டு பல வகைப்படும். பசித்தவருக்குச் சோறிடுவோரையும், அனாதைகளை ஆதரிப்போரையும் ஊர் போற்றுகிறது. ஆனால் குடித்துவிட்டுத் தெருவோரத்தில் விழுந்து கிடப்பவரைத் தூக்கி நிறுத்த எளிதில் எவரும் முன்வருவதில்லை. அத்தகையோருக்காகவே உழைத்து மறைந்தவர் அருட்சகோதரி இக்னேஷியா. அவருடைய வரலாறு நாம் எல்லோரும் அறிய வேண்டிய ஒன்றாகும்.

1889ஆம் ஆண்டு, அயர்லாந்து நாட்டின் மேயோ மாவட்டத்தில், எளிய விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் பிரிட்ஜெட் டெல்லா மேரி கேவின். 1896இல் குடும்பம் அமெரிக்காவின் கிளீவ்லேண்ட் நகரில் குடியேறியது. இசையில் தேர்ச்சி பெற்ற அவர், 1914இல் துறவறம் பூண்டு இசை ஆசிரியையாகப் பணியாற்றினார். ஓய்வில்லா உழைப்பால் உடலும் மனமும் தளர்ந்து, 1927இல் கடும் நோய்க்கு ஆளானார். மருத்துவர் அறிவுரைப்படி இசைப் பணியைத் துறக்க நேர்ந்தது. 1928இல் ஆக்ரன் நகரில் புதிதாகத் திறக்கப்பட்ட செயின்ட் தாமஸ் மருத்துவமனையில், நோயாளிகளைச் சேர்க்கும் அலுவல் அவருக்குக் கிடைத்தது. தாமே நொடிந்து எழுந்தவர் என்பதால், நொடிந்து வருவோரின் வேதனையை நன்கு உணர்ந்தார்.

அதே ஆக்ரனில் டாக்டர் பாப் ஸ்மித் என்ற அறுவை மருத்துவர் குடிக்கு அடிமையாகியிருந்தார். 1935இல் பில் வில்சன் என்பவர் அவரைச் சந்தித்தார். வில்சனும் குடியிலிருந்து மீண்டவரே. ஒரு குடிநோயாளியின் துன்பம் மற்றொரு குடிநோயாளிக்கே நன்றாகப் புரியும் என்பதை இருவரும் கண்டனர். அவ்வாறு பிறந்ததே ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்னும் தோழமை. சுருக்கமாக ஏ.ஏ. என்பர்.

அக்காலத்தில் மருத்துவமனைகள் குடிகாரர்களைச் சேர்ப்பதில்லை. 1939 ஆகஸ்ட் 16ஆம் நாள், டாக்டர் பாப் ஒரு குடிநோயாளிக்கு இடம் கேட்டார். சகோதரி மறுக்கவில்லை. வயிற்று அழற்சி என்று பதிவேட்டில் எழுதிச் சேர்த்துக் கொண்டார். மறுநாள், குடியை விட்ட நண்பர்கள் வந்து தனிமையில் பேச ஓர் அறை வேண்டும் என்றார் டாக்டர். தனியறை எதுவும் காலியில்லை. மலர்களை அடுக்கி வைக்கும் சிற்றறைக்குள் சகோதரி அந்தக் கட்டிலைத் தள்ளிச் சென்றார்!

பின்னர் தனிப் பிரிவே உருவாயிற்று. நோயாளி ஐந்து நாள் தங்குவார். ஏற்கெனவே குடியை விட்ட ஒருவர் அவரை அழைத்து வந்து பொறுப்பேற்க வேண்டும். நாள்தோறும் ஏ.ஏ. உறுப்பினர்கள் வந்து தங்கள் கதையைச் சொல்வார்கள். வீடு திரும்பியதும் செல்ல வேண்டிய கூட்டம் இவ்வாறு கட்டிலருகிலேயே தொடங்கிவிடும். விடைபெறுவோருக்குச் சகோதரி இயேசுவின் திரு இருதயச் சின்னம் ஒன்றை அளிப்பார். மீண்டும் குடிக்க நினைத்தால், குடிக்கும் முன் அதை அவரிடம் திருப்பித் தந்துவிட வேண்டும் என்பது நிபந்தனை.

டாக்டர் பாப் 1950இல் காலமானார். 1952இல் கிளீவ்லேண்டுக்கு மாற்றப்பட்ட சகோதரி, அங்கும் செபமாலையின் பெயரில் ஒரு சிகிச்சைப் பிரிவை அமைத்தார். ஆயிரக்கணக்கானோர் மறுவாழ்வு பெற்றனர். 1966 ஏப்ரல் 1ஆம் நாள் இறைவனடி சேர்ந்தார்.

இத்தோழமை 1957இல் இந்தியாவிலும் வேரூன்றியது. சென்னையில் 1980ஆம் ஆண்டு, குடியால் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன் அம்மையார் டி.டி.கே. மருத்துவமனை பணியைத் தொடங்கினார். ஏ.ஏ. கூட்டத்தில் கட்டணம் இல்லை; சாதி, மதம் கேட்பதில்லை; முழுப் பெயரும் சொல்ல வேண்டியதில்லை. குடியை விட வேண்டும் என்ற ஆசை ஒன்றே போதும்.

அன்புத் தோழியரே! மறைமலை நகரிலும் தாம்பரத்திலும், ஷிப்ட் முடிந்து வீடு திரும்பாத தந்தைக்காக விழித்திருக்கும் வீடுகள் உண்டு. சம்பள நாளன்று அம்மா அழும் வீடுகள் உண்டு. வெட்கத்தால் நாம் அதை வெளியே சொல்வதில்லை. குடி ஒரு நோய். அது மகளின் குற்றமன்று. குடும்பத்தினருக்கு அல்-அனான் என்ற கூட்டமும், நம் வயதினருக்கு அலட்டீன் என்ற கூட்டமும் அயல்நாட்டில் 1950களிலேயே தோன்றிவிட்டன. எங்கே கூட்டம் நடக்கிறது என்று மருத்துவரிடமோ, பங்குத் தந்தையிடமோ, நம் சகோதரியரிடமோ தயங்காமல் கேட்கலாம். 14446 என்ற அரசின் இலவசத் தொலைபேசி எண்ணிலும் வழி கேட்கலாம்.

அப்பாவை நாமே திருத்திவிட முடியாமல் போகலாம். ஆனால் அவர் தாமாக ஒரு நாள் கூட்டத்திற்குப் போகச் சம்மதித்தால், எங்கே போக வேண்டும் என்பது நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். போய்விட்டு மீண்டும் தவறி விழுந்தாலும், அடுத்த கூட்டத்தில் அவருக்கு நாற்காலி உண்டு என்பதையும் அவரிடம் சொல்ல வேண்டும்.