தலீப் சிங் சௌந்த்: வயலிலிருந்து அவைக்கு

பஞ்சாபின் அமிர்தசரஸ் பகுதிச் சிற்றூர் ஒன்றில் 1899-இல் பிறந்த தலீப் சிங் சௌந்த், உயர்கல்வி நாடி 1920-இல் அமெரிக்கா சென்றார். பெர்க்லியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் 1924-இல் கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்றார். ஆயின், இந்தியர் குடியுரிமை பெறத் தகுதியற்றவர் என அந்நாட்டு உச்ச நீதிமன்றம் முந்தைய ஆண்டே தீர்ப்பளித்திருந்தது. கணிதம் கற்றவர் இம்பீரியல் பள்ளத்தாக்கில் உழவரானார்.

வாயில் அடைபட்டதென்று அவர் ஊர் திரும்பவில்லை. பிற இந்தியரோடு சேர்ந்து சட்டத்தை மாற்ற உழைத்தார். 1946-இல் சட்டம் மாறியது; 1949 டிசம்பரில் குடிமகனானார். 1950-இல் வெஸ்ட்மோர்லாந்து என்னும் சிற்றூரில், சிறு வழக்குகளை விசாரிக்கும் நீதிபதி பதவிக்கான தேர்தலில் வென்றார். குடிமகனாகி ஓராண்டு நிறையவில்லை என்று அவ்வெற்றி செல்லாததாயிற்று. மனந்தளராது 1952-இல் மீண்டும் நின்று வென்றார்.

1956-இல் புகழ்பெற்ற விமானி ஜாக்குலின் காக்ரனைத் தோற்கடித்து, அமெரிக்க நாடாளுமன்றத்தின் பிரதிநிதிகள் சபைக்குத் தேர்வான முதல் ஆசியரானார். மேலும் இருமுறை வென்றார். 1962-இல் பக்கவாதம் அவர் பேச்சையும் நடையையும் முடக்கியது; அவ்வாண்டுத் தேர்தலில் தோற்றார். 1973-இல் மறைந்தார். ஏறக்குறைய முப்பதாண்டு அந்நாட்டில் வாக்குரிமையின்றி வாழ்ந்தவர், அந்நாட்டு மக்களின் வாக்காலேயே சட்டமியற்றும் அவையில் அமர்ந்தார்.