கை கழுவச் சொன்ன டொக்டர்

மகளின் பிள்ளையைத் தூக்குமுன் தாதி கை கழுவியபோது எனக்கு இக்னாஸ் செம்மல்வைஸ் நினைவுக்கு வந்தார். 1818இல் ஹங்கேரியில் பிறந்தவர். வியன்னா பொது ஆஸ்பத்திரியில் மருத்துவிச்சிகள் பார்த்த பிரசவ வாட்டைவிட, டொக்டர்களும் மருத்துவ மாணவர்களும் பார்த்த வாட்டில்தான் தாய்மார் அதிகம் இறந்தார்கள். பிரேதப் பரிசோதனையில் கத்தி கீறி நண்பரொருவர் அதே விதமாக இறக்க, அவருக்கு விஷயம் விளங்கியது: பிரேதம் அறுத்த கையாலேயே பிரசவமும் பார்க்கிறார்கள்! 1847 மே மாதம், குளோரின் சேர்ந்த சுண்ணாம்புக் கரைசலில் கை கழுவ வைத்தார். ஏப்ரலில் நூற்றுக்கு 18 ஆக இருந்த மரணம் ஜூனில் 2 ஆனது.

ஐவேளை வுழூச் செய்யும் நமக்கு இது சின்ன விஷயம். தம் கையே கொன்றதென்பதை ஏற்க பெரிய டொக்டர்கள் பலருக்கு மனம் வரவில்லை. 1865இல் அவரை மனநோயாளர் விடுதியில் அடைத்தார்கள். இரண்டு வாரத்தில், காயமொன்று சீழ்பிடித்து இறந்தார். வயது 47.