அசரியா: 32 ஆண்டுகள் ஆங்கிலிக்கன் திருமண்டலத்தின் பொறுப்பில் ஒரே இந்தியராக இருந்த திருநெல்வேலிக்காரர்

1912 டிசம்பர் 29. கல்கத்தாவில் உள்ள புனித பவுல் பேராலயத்தில் 38 வயது தமிழர் ஒருவர் ஆங்கிலிக்கன் திருச்சபையின் பேராயராக அபிஷேகம் செய்யப்பட்டார். அந்தச் சபையில் இந்தியர் ஒருவர் பேராயர் ஆனது அதுதான் முதல் முறை.

இதைவிடக் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கு. 1945 ஜனவரி 1-ல் அவர் இறக்கும்வரை, ஒரு ஆங்கிலிக்கன் திருமண்டலத்தின் முழுப் பொறுப்பில் இருந்த ஒரே இந்தியரும் அவர்தான். கதவு திறந்தது; ஒரே ஒருத்தரை உள்ளே விட்டது; அப்படியே நின்றுவிட்டது. 

அவர் பெயர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. சி.எஸ்.ஐ. சபைகளில் இன்றும் அடிக்கடி கேட்கும் பெயர். வெளியே பலருக்குத் தெரியாத பெயர்.

யார் இந்த அசரியா?

1874 ஆகஸ்ட் 17-ல், திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளை கிராமத்தில் பிறந்தார். அப்பா தாமஸ் வேதநாயகம் நாடார் சமூகத்திலிருந்து கிறிஸ்தவரானவர், கிராமச் சபையின் குருவானவர். அம்மா பெயர் எலன்.

அந்தக் காலத் திருநெல்வேலியில் ஆங்கிலிக்கன் சபை என்றாலே இரண்டு மிஷன்கள். ஒன்று எஸ்.பி.ஜி. இன்னொன்று 1799-ல் லண்டனில் தொடங்கப்பட்ட சி.எம்.எஸ். இந்த சி.எம்.எஸ். தான் 'இவாஞ்சலிக்கல்' ஆங்கிலிக்கர்களின் சங்கம். சடங்கு முறைகளைவிட வேத வாசிப்பு, தனி மனிதரின் மனமாற்றம், நற்செய்தி அறிவிப்பு ஆகியவற்றுக்கு முதலிடம் கொடுத்தவர்கள் இவர்கள். அசரியா வளர்ந்தது இந்தச் சூழலில்.

பிறகு சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தார். ஆனா பட்டம் வாங்காமலேயே வெளியே வந்தார். 1895 முதல் 1909 வரை ஒய்.எம்.சி.ஏ. செயலாளர் வேலை. தென்னிந்தியா முழுக்கச் சுற்றினார். அமெரிக்கரான ஷெர்வுட் எடி நெருங்கிய நண்பரானதும் இந்த ஆண்டுகளில்தான்.

1898-ல் அன்பு மாரியம்மாளைத் திருமணம் செய்தார். வரதட்சணை கிடையாது, ஆடம்பரம் கிடையாது. திருநெல்வேலிக் கிறிஸ்தவப் பெண்களில் கல்லூரிவரை போன ஆரம்பகால மாணவிகளில் அன்பு ஒருவர்.

யாழ்ப்பாணத்தில் என்ன நடந்தது?

1902-ல் ஒய்.எம்.சி.ஏ. வேலையாக யாழ்ப்பாணம் போனார். அங்கே இருந்த தமிழ்க் கிறிஸ்தவர்கள் தாங்களே பணம் திரட்டி, தங்கள் ஆட்களைத் தென்னிந்தியாவுக்கு ஊழியத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். சின்னச் சபை அது. அதைவிடப் பல மடங்கு பெரிய திருநெல்வேலிச் சபையோ, வெளிநாட்டு மிஷனரிகளையும் அவர்கள் கொண்டுவரும் பணத்தையும் நம்பி இருந்தது. இந்த வித்தியாசம் அசரியாவை உறுத்தியது.

அடுத்த ஆண்டே, 1903 பிப்ரவரி 12-ல், பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் தொடங்கப்பட்டது. ஆள் இந்தியர், பணம் இந்தியருடையது, நிர்வாகமும் இந்தியர் கையில். இந்தச் சங்கம் தேர்ந்தெடுத்த ஊர் நிஜாமின் ஹைதராபாத் சமஸ்தானத்தில் இருந்த டோர்னக்கல். இன்று அது தெலங்கானாவில் இருக்கு.

1905 கிறிஸ்துமஸ் அன்று செராம்பூரில் தேசிய மிஷனரி சங்கம் உருவானது. கே.டி.பால் போன்றவர்களோடு அதிலும் அசரியா முன்னணியில் இருந்தார்.

1909-ல் அவர் எடுத்த முடிவு பலருக்கு ஆச்சரியம். ஒய்.எம்.சி.ஏ.வில் நல்ல பொறுப்பு, நாடு முழுக்கத் தொடர்புகள். அதை விட்டுவிட்டு, குருப்பட்டம் பெற்று, தானே மிஷனரியாக டோர்னக்கல் போய்ச் சேர்ந்தார். தெலுங்கு கற்றுக்கொண்டார். மற்றவர்களைப் போகச் சொல்லிவிட்டுத் தான் மட்டும் சென்னையில் இருப்பது சரியில்லை என்பதே காரணம்.

எடின்பரோவில் ஏன் பரபரப்பு?

1910 ஜூனில் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் உலக மிஷனரி மாநாடு நடந்தது. 1,200-க்கும் மேற்பட்ட பிரதிநிதிகள். அவர்களில் ஆசியர்கள் ஒரு கைப்பிடி பேர்தான். அசரியாவுக்குப் பேசக் கொடுத்த தலைப்பு, வெளிநாட்டு ஊழியர்களும் உள்நாட்டு ஊழியர்களும் சேர்ந்து வேலை செய்வது பற்றி.

நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவார் என்று பலர் நினைத்திருக்கலாம். அவரோ இரு தரப்புக்கும் இடையே இருக்கும் தூரத்தைப் பற்றிப் பேசினார். பல ஆண்டுகள் இந்தியாவில் இருந்தும் இந்திய ஊழியரோடு உட்கார்ந்து சாப்பிடாத மிஷனரிகள் இருப்பதைச் சொன்னார். சம்பளம் கொடுப்பவர், வாங்குபவர் என்ற உறவு முதலாளி, வேலைக்காரர் உறவாக மாறிவிட்டதைச் சொன்னார். மிஷனரிகளின் தியாகத்தை அவர் மறுக்கவில்லை. தியாகம் வேறு, நட்பு வேறு. எங்களுக்கு வேண்டியது நட்பு என்பதுதான் அவர் பேச்சின் சாரம்.

அரங்கில் இருந்தவர்கள் நெளிந்தார்கள். சிலருக்குக் கோபம். சிலர் உண்மை என்று ஒத்துக்கொண்டார்கள். இன்றும் மிஷன் வரலாறு எழுதுபவர்கள் அந்த உரையைத் தாண்டிப் போவதில்லை.

பேராயர் ஆனது எப்படி?

சென்னைப் பேராயர் ஹென்றி ஒயிட்ஹெட்தான் இதற்காக அழுத்தம் கொடுத்தவர். தத்துவ அறிஞர் ஏ.என்.ஒயிட்ஹெட்டின் அண்ணன் இவர்.

எதிர்ப்பு இரண்டு பக்கமும் வந்தது. இந்தியரின் கீழ் வெள்ளையர்கள் எப்படி வேலை செய்வது என்பது ஐரோப்பியர்கள் சிலரின் கவலை. சாதி காரணமாக, இந்தியக் கிறிஸ்தவர்களிலும் ஒரு பகுதியினர் ஏற்கவில்லை. கடைசியில் கண்ட வழி, டோர்னக்கல்லை மையமாக வைத்து ஒரு சின்னத் திருமண்டலம். பிறகு 1920-ல் அதன் எல்லை விரிந்தபோது ஐரோப்பிய மிஷனரிகளும் அவர் அதிகாரத்துக்குள் வந்தார்கள். அதே 1920-ல், பட்டம் வாங்காமல் கல்லூரியை விட்டவருக்கு கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது.

டோர்னக்கல்லில் என்ன செய்தார்?

அவர் சபைக்கு வந்தவர்களில் மிகப் பெரும்பாலானவர்கள் மாலா, மாதிகா சமூகத்தினர். தீண்டாமையின் முழுச் சுமையையும் தாங்கியவர்கள். ஊர் ஊராக மாட்டு வண்டியிலும் சைக்கிளிலும் போனார் அசரியா. பெண்கள் நடுவே அன்பு வேலை செய்தார்.

கிராமங்களைப் பிடித்திருக்கும் பிசாசுகள் என்று அவர் நான்கைச் சொல்வார்: அழுக்கு, நோய், கடன், குடி. பள்ளிகள், மருத்துவ வேலை, கூட்டுறவுச் சங்கங்கள் எல்லாம் இந்த நான்கையும் எதிர்த்துத்தான். ஞானஸ்நானம் பெற்ற ஒவ்வொருவரும் தலையில் கை வைத்து, நற்செய்தியை நானும் சொல்வேன் என்று உறுதி எடுக்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத விவசாயக் கூலிக்கும் இதே விதிதான்.

குருவானவர் பயிற்சிக்கு வருபவர்களின் மனைவிகளுக்கும் சேர்த்தே பயிற்சி கொடுத்தார். 1935 வாக்கில் அந்தத் திருமண்டலத்தில் 250 இந்தியக் குருமார்களும் 2,000-க்கும் மேற்பட்ட கிராம ஆசிரியர்களும் இருந்தார்கள். அந்தப் பகுதியில் 1912-ல் சுமார் 57,000 ஆக இருந்த ஆங்கிலிக்கர்கள் 1941-ல் 2.25 லட்சம் ஆனார்கள்.

சபைக்குள்ளும் சாதி வராமல் இல்லை. மாலாக்களும் மாதிகாக்களும் ஒருவரை ஒருவர் ஒதுக்கும் வழக்கம் ஆலயத்துக்குள்ளும் வந்தது. ஒரே சபை, ஒரே பந்தி என்பதில் அசரியா விட்டுக்கொடுக்கவில்லை. எடின்பரோவில் வெள்ளையர்களிடம் எதைக் கேட்டாரோ, அதையே தன் மக்களிடமும் கேட்க வேண்டியிருந்தது.

1939 ஜனவரியில் டோர்னக்கல் பேராலயம் பிரதிஷ்டை செய்யப்பட்டது. கோயில் தூண்கள், மசூதிக் குவிமாடங்கள், சிலுவை எல்லாம் கலந்த கட்டடம். இங்கிலாந்து தேவாலயத்தின் நகல் இல்லை.

காந்தியோடு என்ன பிரச்சினை?

இங்கேதான் கதை கொஞ்சம் சிக்கலாகுது. 1932-ல் பிரிட்டிஷ் அரசு வகுப்புவாரித் தொகுதிகளை அறிவித்தபோது, கிறிஸ்தவர்களுக்குத் தனித்தொகுதி வேண்டாம் என்றார் அசரியா. சபை ஒரு சாதிக் கட்சி மாதிரி ஆகிவிடும், மதம் மாறுபவர்கள் ஓட்டுக் கணக்காகப் பார்க்கப்படுவார்கள் என்பது அவர் பயம். தனித்தொகுதி நாட்டைப் பிரிக்கும் என்ற காந்தியின் கருத்துக்கு இது நெருக்கமானது.

ஆனா மதமாற்றத்தில் இருவரும் நேர் எதிர். ஏழ்மையிலும் அறியாமையிலும் இருக்கும் தலித்துகளை மதம் மாற்றுவது தவறு என்றார் காந்தி. எந்த மதம் வேண்டும் என்று முடிவெடுக்கும் அறிவும் உரிமையும் அவர்களுக்கு உண்டு என்பது அசரியாவின் நிலை. தன் கண் முன்னால் மாறிக்கொண்டிருந்த கிராமங்களை அவர் ஆதாரமாகக் காட்டினார். இந்த விவாதம் இன்றும் முடியவில்லை.

இன்று ஏன் இவர் முக்கியம்?

1919-ல் தரங்கம்பாடியில் கூடிய ஒரு சிறு குழு, பிரிந்து கிடக்கும் சபைகள் ஒன்றாக வேண்டும் என்று அறிக்கை வெளியிட்டது. அதை முன்னின்று நடத்தியவர் அசரியா. பிரிவினைகள் ஐரோப்பாவில் பிறந்தவை, அதை இந்தியர்கள் ஏன் சுமக்கணும் என்பதே அடிப்படை. ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் மரபுகள் இணைந்து தென்னிந்தியத் திருச்சபை உருவாக 28 ஆண்டுகள் ஆனது. 1947 செப்டம்பர் 27-ல் அது நடந்தபோது அவர் உயிரோடு இல்லை.

ஒரே ஒருவரை உயரத்தில் வைத்துவிட்டு, பிரச்சினை தீர்ந்தது என்று ஒரு நிறுவனம் நினைத்துக்கொள்வது எளிது. 32 ஆண்டுகள் அந்த ஒற்றை நாற்காலியில் இருந்தவர் அசரியா. தனக்குக் கிடைத்த இடம் போதும் என்று இருந்துவிடாமல், தன் கீழே 250 பேரைக் குருமார்களாக உருவாக்கினார். அவர்களில் பலரின் பெற்றோருக்கு ஊர்க் கிணற்றில் தண்ணீர் எடுக்கக்கூட அனுமதி இருந்ததில்லை.