திப்பு சுல்தானும் இரும்பு வாணமும்

திப்பு சுல்தான் என்றவுடன் நம் நெஞ்சில் வாளும் வேங்கையுமே தோன்றுகின்றன. ஆனால் 18ஆம் நூற்றாண்டின் தொழில்நுட்ப வரலாற்றில் அம்மாவீரருக்குள்ள இடத்தை ஓர் இரும்புக் குழாயைக் கொண்டே நாம் அளத்தல் வேண்டும். இன்று ராக்கெட் என வழங்கும் போர்வாணத்தின் உறையே அக்குழாய்.

1751இல் தேவனஹள்ளியில் பிறந்த திப்புவுக்கு வாணக்கலை குடும்பச் சொத்தாகும். பாட்டனார் ஃபத்ஹ் முகம்மது ஆற்காட்டு நவாபின் படையில் மூங்கில் வாணப் பிரிவொன்றை நடத்தியவர். தந்தையார் ஹைதர் அலியின் காலத்தில் மைசூர்ப் படை இரும்பு உறையிட்ட வாணங்களைக் கையாண்டது. மூங்கிலும் தாளும் உள்ளழுத்தம் மிகுந்தால் பிளந்துவிடும். இரும்போ மருந்தை இறுகக் கெட்டித்தாலும் தாங்கும். ஆதலின் எரிவளி பெருவிசையோடு பின்னே பீறிட, வாணம் ஏறத்தாழ 2 கிலோமீட்டர் வரை பாய்ந்தது.

இதற்கு நம் மாவட்ட மண்ணும் சான்றாகும். 1780 ஆகஸ்டில் கர்னல் பெய்லியின் ஆங்கிலப் படை கும்மிடிப்பூண்டிக்கு வந்து, காஞ்சிபுரம் நோக்கிப் புறப்பட்டது. கொசஸ்தலையாற்று வெள்ளம் அதனைப் பல நாள் தடுத்தது. ஆறு கடந்து வந்த அப்படையைச் செப்டம்பர் 6இல் பேரம்பாக்கத்தில் திப்பு எதிர்த்தார். 10ஆம் நாள் காஞ்சியை அடுத்த புள்ளலூரில் பீரங்கிகளும் வாணங்களும் ஒருங்கே தாக்கின. ஆங்கிலேயரின் வெடிமருந்து வண்டிகள் வெடித்துச் சிதற, பெய்லி சரணடைந்தார்.

1782இல் ஆட்சியேற்ற திப்பு வாணப்படையைப் பெருக்கினார், பட்டறைகளைப் பேணினார். 1787இல் பிரான்சுக்குத் தூதுக்குழுவை அனுப்பிக் கைவினைஞர்களைக் கேட்டுப் பெற்றார். செல்வத்தினும் தொழிலறிவே நாட்டைக் காக்கும் என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

1799 மே 4இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் அவர் ஷஹீதானார். அரசோடு பட்டறைகளும் ஓய்ந்தன. கைப்பற்றப்பட்ட வாணங்கள் இங்கிலாந்து சென்றன. அங்கே வில்லியம் காங்கிரீவ் அவற்றை ஆய்ந்து, அளந்து, திருத்தி, நூலாகவும் எழுதினார். 1807இல் கோபன்ஹேகன் நகர்மீது அவர்தம் வாணங்கள் பொழிந்தன. விதைத்தவர் நாம், அறுத்தவர் பிறர்.

1960களில் அமெரிக்காவின் வாலப்ஸ் ஏவுதளத்தில் திப்புவின் வாணப்போரைக் காட்டும் ஓவியத்தைக் கண்டு டாக்டர் அப்துல் கலாம் பெருமிதமுற்றார். அப்பெருமிதம் நமக்கும் உரியதே. எனினும் பெருமிதம் மட்டும் போதாது. ஆராய்ந்து, எழுதி, அடுத்த தலைமுறையிடம் ஒப்படைப்பவரிடமே அறிவு தங்கும். அன்று பெய்லியின் படை தங்கிய கும்மிடிப்பூண்டியில் இன்று ஆலைகள் இரும்பை உருக்குகின்றன. அங்கே பணிக்குச் செல்லும் நம் மாணவச் செல்வங்கள் கூலியோடு அமையாது, அவ்விரும்பின் இயல்பையும் கேட்டறிவார்களாக. அதுவே திப்புவுக்கு நாம் செலுத்தும் நன்றிக்கடன்.