எவரும் பேசாத மொழியில் ஒரு செபம்

இயேசு கற்றுத்தந்த செபத்தை நாம் நாள்தோறும் சொல்கிறோம். எத்தனையோ மொழிகளில் ஒலிக்கும் இச்செபத்தை, எந்த ஊரிலும் எவரும் பேசாத ஒரு மொழியில் ஒருவர் மொழிபெயர்த்தார். அம்மொழியை உருவாக்கியவரும் அவரே. 'தி லார்டு ஆஃப் தி ரிங்ஸ்' கதையை எழுதிய ஜே.ஆர்.ஆர். டோல்கீன்தான் அவர்.

டோல்கீன் 1892ஆம் ஆண்டு சனவரி 3ஆம் நாள், இன்றைய தென்னாப்பிரிக்காவிலுள்ள புளூம்ஃபொன்டெய்ன் நகரில் பிறந்தார். நான்கு வயதில் தந்தையை இழந்தார். தாய் மேபெல் 1900ஆம் ஆண்டில் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்தார். உறவினர்கள் சினங்கொண்டு பண உதவியை நிறுத்தினர். அந்த வறுமையிலும் மகனுக்கு விசுவாசத்தையும் இலத்தீன் மொழியையும் கற்றுக்கொடுத்தவர் அந்தத் தாயே. இன்சுலின் கண்டுபிடிக்கப்படாத அக்காலத்தில், நீரிழிவு நோயால் 1904இல் தமது 34ஆம் வயதில் அவர் இறந்தார். புனித நியூமன் தோற்றுவித்த பர்மிங்காம் ஓரட்டரியைச் சேர்ந்த அருள்தந்தை பிரான்சிஸ் மோர்கன், அநாதைகளான இரு சிறுவர்களுக்கும் காப்பாளரானார். தாய் விசுவாசத்திற்காகவே உயிரைக் கொடுத்தார் என்று டோல்கீன் இறுதிவரை நம்பினார்.

ஆக்ஸ்ஃபோர்டில் படிக்கும்போது பின்லாந்து மொழியின் இலக்கண நூல் ஒன்று அவர் கைக்குக் கிடைத்தது. அதன் ஓசையில் மயங்கி, 1915ஆம் ஆண்டளவில் 'குவென்யா' என்ற மொழியைப் படைக்கத் தொடங்கினார். சொற்கள், வேற்றுமை உருபுகள், வினை விகுதிகள் என்று வாழ்நாளெல்லாம் அதைத் திருத்திக்கொண்டே இருந்தார்.

1944இல் விமானப்படையில் இருந்த மகன் கிறிஸ்டோபருக்கு எழுதிய கடிதத்தில், திருச்சபையின் புகழ்ச்சி செபங்களை மனப்பாடமாக வைத்திருந்தால் மகிழ்ச்சியின் சொற்களுக்கு ஒருபோதும் குறைவிராது என்று அறிவுறுத்தினார். 1950களில் அவரே கர்த்தர் கற்பித்த செபத்தையும், அருள்நிறை மரியே செபத்தையும் குவென்யாவில் மொழிபெயர்த்தார். கர்த்தர் கற்பித்த செபத்திற்கு மட்டும் ஆறு வரைவுகள்!

ஏன் இத்தனை? விண்ணகம் என்பதற்குத் தொடக்க வரைவுகளில் வானத்தைக் குறிக்கும் சொல்லையே அடிப்படையாகக் கொண்டார். ஆனால் தந்தை நம் தலைக்கு மேலுள்ள வானத்திலா இருக்கிறார்? இறுதி வரைவில், படைக்கப்பட்ட அனைத்தையும் குறிக்கும் 'எயா' என்ற சொல்லை எடுத்து, அதற்கு அப்பால் இருக்கும் தந்தை என்று மாற்றினார். அருளுக்கு 'எருஅன்னா' என்றார். கடவுளின் கொடை என்பது அதன் பொருள்.

தமிழரான நமக்கு இன்னொன்றும் வியப்பளிக்கும். கேட்பவரையும் சேர்த்து 'நம்' என்போம். கேட்பவரை விடுத்து 'எங்கள்' என்போம். இலத்தீனிலும் ஆங்கிலத்திலும் இந்த வேறுபாடு இல்லை. குவென்யாவில் உண்டு. கடவுளிடம் பேசுவதால், டோல்கீனும் 'எங்கள்' என்ற பொருள்தரும் விகுதியையே பயன்படுத்தினார். அந்த ஒரு விகுதியில் நாம் யார், அவர் யார் என்பது அடங்கிவிடுகிறது.

இம்மொழிபெயர்ப்புகளை அவர் வெளியிடவில்லை. லொரேட்டோ அன்னையின் மன்றாட்டுமாலையை மொழிபெயர்க்கத் தொடங்கியவர் முடிக்கவுமில்லை. 1973 செப்டம்பர் 2ஆம் நாள் இறைவனடி சேர்ந்தார். 2002இல்தான் இவை அச்சேறின. புகழுக்காகவோ பணத்திற்காகவோ அவர் இதைச் செய்யவில்லை என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? தாம் மிகவும் நேசித்த மொழியை, தம் தாய் உயிரைக் கொடுத்துக் காத்துத்தந்த செபத்தின் காலடியில் வைத்தார்.

நாமோ, பிறந்தது முதல் கேட்ட மொழியில் இச்செபத்தைச் சொல்கிறோம். பொருள் தேட வேண்டிய தேவையே நமக்கு இல்லாததால், பல வேளைகளில் உதடுகள் மட்டும் அசைகின்றன. இன்றிரவு குடும்பச் செபத்தில் ஒரே ஒரு சொல்லிலாவது நின்று பார்ப்போம். 'எங்கள்' என்ற சொல்லிலிருந்தே தொடங்கலாம். அதை நமக்கு முதன்முதலில் சொல்லிக்கொடுத்த தாயையும் அப்போது நன்றியோடு நினைப்போம்.